வாளியக்காவின் எருக்குழி

எங்கள் தெருவுக்கு நான் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து தையல் இயந்திரத்தை இறக்க ஒரு கை கிடைக்கவில்லை. தெருவே ஒரு சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரியின் குழாய் மூட்டில் ஒழுக்கு. அதற்குக் கீழே வாளியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். வரிசையில் வராதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது, வாளியை எடு என்று ஓட்டுநர் கத்தினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"கீழ விழுந்தா அது மண்ணுக்கு. விழுறதுக்கு முன்னாடி புடிச்சா எனக்கு. எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு இல்ல. அப்புறம் எதுக்குத் தொண்டையை வறட்டிக்கிறீங்க?"

வாளி நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் வைத்த பேர் அவளுக்கு ஒன்று இருந்திருக்கும். தெருவில் அவள் வாளியக்காதான். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மழை வழி தவறி வந்தால்தான் உண்டு என்ற ஊர் அது. ஊர் ஓரத்தில் வாரம் ஒரு நாள் கால்நடைச் சந்தை கூடும். ஆடு, மாடு, கழுதை எல்லாம் வந்துபோன பிறகு அந்தத் திடலைக் கூட்டிப் பெருக்குகிற பெண்களில் வாளியக்காவும் ஒருத்தி. கூட்டின சாணியும் புழுக்கையும் மிச்சத் தீவனமும் நகராட்சி லாரியில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகும். அங்கே தீ வைப்பார்கள். அன்று ராத்திரி முழுக்க ஊர் இருமும்.

அவள் புருஷன் கொத்தனார். சிமெண்ட் அவர் கையைத் தின்றிருந்தது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. அதனால் கிடைக்கிற வேலையில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வார். பேச்சிலும் அப்படியே, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். பக்கத்து வீட்டில் வாளியக்காவின் சொந்த அக்கா. அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அந்தச் சுவர் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போனதில்லை.

ஊருக்குக் காய்கறி வெளியூரிலிருந்து வரும். வந்து சேர்வதற்குள் கத்தரிக்காய் சுருங்கிவிடும், தக்காளி அழுது வடியும். ஒரு நாள் தள்ளுவண்டியில் கிடந்த வெண்டைக்காய் ஒன்றின் நுனியை வாளியக்கா ஒடித்துப் பார்த்தாள். அது ஒடியவில்லை, வளைந்தது. வண்டிக்காரர் எரிந்து விழுந்தார்.

"ஒடிச்சுப் பாக்கணும்னா சொந்தமா வெள்ளாமை பண்ணி ஒடிச்சுக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அக்கா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் தைத்திருக்க வேண்டும்.

"பண்றேன்" என்றாள் வாளியக்கா. வெண்டைக்காயை வண்டியிலேயே போட்டுவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் அவள் பங்குக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. நிலம் என்று சொல்வது மரியாதைக்காக. சரளைக்கல்லும் முள்ளும்தான். கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும். அடுத்த சந்தை நாளிலிருந்து அவள் சாணியையும் ஆட்டுப் புழுக்கையையும் சாக்கில் கட்டித் தலையில் சுமந்துவரத் தொடங்கினாள். வந்ததை வந்தபடி மண்ணில் கொத்திவிட்டு நாற்று நட்டாள். சில நாளில் இலையோரம் கருகியது. பச்சைச் சாணி சூட்டைக் கிளப்பி வேரைச் சுட்டுவிட்டது. மிச்சம் இருந்ததற்குக் கரையான் வந்தது. அடுப்பில்லாமலே சமைத்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுமுறை மக்க வைத்துப் போடலாம் என்று குவித்து வைத்தாள். எங்கள் ஊர் வெயிலில் குவியல் எங்கே மக்கும்? காய்ந்து ஓடாகிவிட்டது. உடைத்தால் புழுதி. அந்தப் புழுதியைக் காற்று அள்ளிக்கொண்டுபோய் அக்கா உலர்த்தியிருந்த துணிகளில் போட்டது. அன்று சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிய பேச்சைக் கேட்டு நான் இரண்டு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். சண்டை முடிந்ததும் வாளியக்கா அந்தக் குவியலை ஓங்கி ஓர் உதை விட்டாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. விரலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாசற்படியில் இருந்த கொத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சுண்ணாம்பை யாராவது வெயில்ல குமிச்சு வைப்பாங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குழி வெட்டித்தான் ஊறப் போடுவோம். மேல ஈரச் சாக்கு போட்டு மூடுவோம்."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். அவள் ஒத்தாசை கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மார்பளவு குழி வெட்டி முடிக்கப் பல நாள் ஆனது.

அந்தக் குழியில் சாணி ஒரு அடுக்கு, சந்தையில் கூட்டிய வைக்கோலும் தழையும் ஒரு அடுக்கு, மறுபடி புழுக்கை ஒரு அடுக்கு என்று போட்டாள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்தாள். காய் கழுவின தண்ணீர், டீக்கடையில் கிளாஸ் அலசின தண்ணீர், துணியின் கடைசி அலசல் என்று எங்கிருந்தெல்லாமோ வாளியில் வந்தது. சோப்புத் தண்ணீரை மட்டும் தொடமாட்டாள். மூடுவதற்குப் பழைய சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத்தரச் சொல்லி என்னிடம் வந்தாள். இடுப்பளவு எடுக்கணுமா என்று கேட்டேன்.

"குழிக்கு இடுப்பு ஏதுண்ணே? வெறும் வயிறுதான்" என்றாள். அந்தச் சாக்கு என் ஊசிகளில் பாதியை முறித்தது.

அவ்வப்போது குழிக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். முதலில் கை வைக்க முடியாத சூடு. கிளறிவிட்டு, ஈரம் காட்டி, மறுபடி மூடுவாள். மாதங்கள் போனபின் சூடு தணிந்தது. அள்ளியபோது அது கறுத்து, பொலபொலவென்று, எந்த மிருகத்தின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. கொத்தனார் பாத்திகளைத் தரைமட்டத்துக்குக் கீழே, தட்டு மாதிரி பள்ளமாக வெட்டிக்கொடுத்தார். ஊற்றுகிற தண்ணீர் ஓடிவிடாமல் செடியின் காலடியிலேயே நிற்கும். எருவைக் கலந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தரை பாளமாக வெடித்திருக்க, அவள் பாத்தியில் விரலை விட்டால் குளிர்ந்தது.

முதல் வெண்டைக்காயைப் பறித்துக்கொண்டு அவள் நேராகத் தள்ளுவண்டிக்காரரிடம் போனாள். அவர் முகத்துக்கு நேரே நுனியை ஒடித்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அன்று தெருவில் பாதிப் பேர் வீட்டில் அவள் வெண்டைக்காய்தான்.

அதோடு நின்றிருந்தால் அவள் வாளியக்கா இல்லை. இரண்டாவது குழியை அவசர அவசரமாகப் பெரிதாக வெட்டினாள். கோழிக்கடைக் கழிவையும் வாங்கிக் கொட்டினாள். வைக்கோல் போதவில்லை, சாக்கும் போதவில்லை. குழி கொழகொழத்துப்போய் ஈ கிளம்பியது. அக்காவின் சமையலறை ஜன்னல் சுவரை ஒட்டி இருந்தது. அவள் தட்டில் சோறு போட்டால் முதல் வாய் ஈக்குத்தான் என்ற நிலை. அக்கா வந்து கத்தியதில் நியாயம் இருந்தது. அதைத் தெருவே சொல்லும். வாளியக்கா அதை ஒப்புக்கொண்டாளா என்றால், இல்லை.

"ஈ மூஞ்சியில என் பேர் எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானமே குழியின் மேல் காய்ந்த வைக்கோலும் மண்ணும் கையளவு கனத்துக்குப் போட்டு அடைத்துவிட்டாள். நாலைந்து நாளில் ஈ அடங்கியது. ஆனால் அடைத்துவிட்டேன் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாகிவிடுமாம். அதற்குள் அக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்துவிட்டாள்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் இது கூடாது, குழியை மூட வேண்டும் என்று உத்தரவைப் படித்தார். வாளியக்கா முழுதையும் கேட்டாள். பிறகு குழிக்குள் இறங்கிச் சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மூடுங்க சார். நான் இங்கதான் இருக்கேன். என்னையும் சேத்து மூடுறதா உத்தரவுல போட்டிருந்தா அதையும் படிச்சுக் காட்டுங்க."

ஆய்வாளர் அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் ஏனோ என்னைப் பார்த்தார். குழிக்கு அளவெடுப்பவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

அடுத்த சந்தை நாளில் அவள் வேலைக்குப் போயிருந்தாள். கொத்தனாரும் இல்லை. டிராக்டர் வந்தது. இடித்த கட்டடத்தின் கல்லையும் காரையையும் இரண்டு குழியிலும் கொட்டி நிரவியது. அவள் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். மேலிடத்து உத்தரவு என்றார் டிராக்டர்காரர். திரும்பும்போது சக்கரம் கத்தரிப் பாத்தியில் ஏறி இறங்கியது. அக்கா தன் ஜன்னல் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வாளியக்கா வந்தாள். ஒரு செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அக்கா வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாள் என்று தெரு காத்திருந்தது. வெகுநேரம் அவள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நகராட்சி அலுவலகம் சந்தைத் திடலை ஒட்டியது. அடுத்த வாரம் சந்தை கலைந்ததும் வாளியக்கா வழக்கம்போலத் திடலைக் கூட்டினாள். வழக்கத்தைவிடச் சுத்தமாகவே கூட்டினாள். ஆனால் சாணியைத் தள்ளுகிற பலகையை லாரிப் பக்கம் திருப்பவில்லை, அலுவலக வாசலுக்குத் திருப்பினாள். மற்றப் பெண்கள் முதலில் திகைத்து நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்குக் குப்பைமேட்டுப் புகையால் மூச்சிரைக்கிற குழந்தை. அவள்தான் முதலில் பலகையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். சந்தை மேற்பார்வையாளர் வெளியே வந்தபோது அவருடைய பைக் முன் சக்கரம் வரை சாணியில் புதைந்திருந்தது.

இது என்ன அக்கிரமம் என்று அவர் கேட்டதற்கு அவள் நிதானமாகச் சொன்னாளாம். என் குழி நாறுது என்று மூடினீர்கள். சரி. அப்படியானால் நீங்கள் வாராவாரம் கொளுத்துவது மட்டும் மணக்கிறதா? இதைக் கொளுத்த இனிமேல் நாங்கள் அள்ளித்தர மாட்டோம். திடலுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடுங்கள். மாடுகளின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிந்து வீணாகிற தண்ணீரைக் கொடுங்கள். அங்கே நாங்கள் குழி போட்டுக்கொள்கிறோம். வீடு வாசல் எதுவும் பக்கத்தில் இல்லை.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்" என்றார் மேற்பார்வையாளர்.

"தூக்குங்க சார். முதல்ல இதைத் தூக்குங்க. அப்புறம் என்னைத் தூக்கலாம்."

தூக்க ஆள் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வரவழைத்த கூலிகள் குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். திடலுக்குள் இருந்தால்தான் ஏற்றுவேன், வாசலில் கிடப்பது என் பொறுப்பில்லை என்றார் லாரி ஓட்டுநர். அடுத்த வாரக் குவியல் அதன் மேல் ஏறியது. அதற்கடுத்த வாரமும். காய்ந்த சாணித்தூளைக் காற்று அலுவலகத்துக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு மேசையிலும் பங்கு வைத்தது. அந்தப் பெண்களுக்குச் சம்பளம் நின்றது. சிலர் வீட்டில் புருஷன்மார் சத்தம் போட்டார்கள். கொத்தனார் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார். தன் வெடித்த கைகளோடு கிடைத்த வேலையை எல்லாம் ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். அவர் அவளிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"'ம்'னாரு" என்றாள். அந்த ஒரு எழுத்தை அவள் சொன்ன விதத்தில் எனக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, என் கடை வாசலில் நின்று யாரோ பேசினார்கள். அவளைப் போலீசில் பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள், திமிர் பிடித்தவளுக்கு இது வேண்டியதுதான் என்று. அக்கா எனக்குத் துணி கொடுக்க வந்திருந்தாள். துணியை அப்படியே என் மேசையில் எறிந்தாள்.

"அவளைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு அவ என்ன வேணும்?"

மத்தியானம் அவள் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு சந்தைக்குப் போனாள். எனக்கு வேலை ஓடவில்லை, பின்னாலேயே போனேன். அலுவலக வாசலில் குவியலுக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாத்திரத்தைத் தங்கையின் முன்னால் வைத்தாள்.

"குழியைத்தான் மூடச் சொன்னேன். உன் வாயை மூடச் சொல்லல."

"நானும் மூடல" என்றாள் வாளியக்கா.

"தெரியுது. தின்னு."

அக்கா திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தங்கைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். புகார் கொடுத்தவளே அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஆய்வாளர் குழம்பிப்போய்ப் பின்வாசல் வழியாக அலுவலகத்துக்குள் போனார்.

மேற்பார்வையாளர் கடைசியில் எழுத்தில் எதுவும் தரவில்லை. பின்நிலத்தின் கதவுக்கு உரிய சாவியை மட்டும் குவியலின் ஓரத்தில் நின்று நீட்டினார். பரீட்சார்த்தமாக, தற்காலிகமாக, என்று என்னென்னவோ சொன்னார். வாளியக்கா சாவியை வாங்கிக்கொண்டு, நின்ற சம்பளத்தையும் தந்தால்தான் வாசல் காலியாகும் என்றாள். அதுவும் வந்தது.

வாசலில் கிடந்ததுதான் பின்நிலத்தின் முதல் குழிக்குப் போன முதல் எரு. இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு குழி நிறையும்போது இன்னொன்று மக்கிக்கொண்டிருக்கும், மற்றொன்று அள்ளத் தயாராகும். எல்லாவற்றின் மேலும் வைக்கோலும் மண்ணும் சாக்கும் இருந்தன. தொட்டியின் வழிநீரைக் கொத்தனார் வாய்க்கால் வெட்டிப் பள்ளப் பாத்திகளுக்குத் திருப்பினார். கத்தரி வந்தது, வெண்டை வந்தது, வெள்ளரி தரை தெரியாமல் படர்ந்தது. கூட்டுகிற பெண்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்துக்கொண்டார்கள். குப்பைமேட்டில் சந்தைச் சாணி எரிவது நின்றது.

ஒரு முறை வெளியூரிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. நிலத்தின் முகப்பில் நகராட்சியின் பேரில் பளபளவென்று ஒரு பலகை முளைத்தது. அன்றைக்குப் பெண்கள் யாரும் வர வேண்டாம், வாடை அடிக்கும் என்று மேற்பார்வையாளர் சொல்லியனுப்பினார். எல்லோரும் வந்தார்கள். காலையிலேயே குழியைக் கிளறிவிட்டு, கை கால் கழுவாமல், அந்தப் பலகைக்கு முன்னால் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். அக்காவும் நின்றாள், மூக்கைப் பொத்திக்கொண்டு. வந்தவர்கள் எடுத்த படத்தில் பலகையில் இருந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

கதை அங்கே நின்றிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். போன இரண்டு வருஷமும் மழை இல்லை. தீவனம் இல்லாமல் கால்நடைகளை விற்றுத் தீர்த்ததில் சந்தையே சுருங்கிவிட்டது. தொட்டியில் மாடு குடிக்கவே தண்ணீர் போதவில்லை, வழிவதற்கு ஏது? கீரைப் பாத்திகளை வாளியக்கா அவள் கையாலேயே கைவிட்டாள். தக்காளியும் போனது. வெண்டையும் சில வெள்ளரிக் கொடிகளும், எரு கனமாகப் போட்ட பாத்திகளில் மட்டும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. கூட இருந்த பெண்களில் சிலர் வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். போதும், சாவியைக் கொடுத்துவிடு என்றார் மேற்பார்வையாளர், இந்த முறை உண்மையான பரிவோடுதான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குழியைக் கிளறப் போனாள்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். தரை வெந்துகிடந்தது. அவளும் கொத்தனாரும் அக்காவும் சேர்ந்து புதிதாக ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கடப்பாரையைப் பிடித்த விதம் சரியில்லை என்று வாளியக்கா திட்டிக்கொண்டிருந்தாள். அள்ளத் தயாரான குழிகளே நிறைந்திருக்க இன்னொன்று எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"மழை வந்தா எல்லாப் பாத்திக்கும் ஒரே நாள்ல போடணும். அப்போ போய் எருவுக்கு அலைய முடியுமா?"

"வரலைன்னா?"

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வரலைன்னா இன்னும் நல்லா மக்கியிருக்கும்ணே. நீங்க, இந்தக் குழிக்குத் தைக்கக் கொடுத்த சாக்கு என்னாச்சு, அதைச் சொல்லுங்க."

சாக்கு இன்னும் தைத்து முடியவில்லை. நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.